ஒரு சுரத்தை மாற்றினால் எங்கெல்லாம் மாறும்? டிராக்கரில் பேட்டர்ன் அடுக்கும் வழிகள்

கணினியில் இசை எழுத உதவும் டிராக்கர் மென்பொருளை முதன்முதலில் திறப்பவருக்கு அது பழைய மளிகைக்கடைப் பேரேடு மாதிரிதான் தெரியும். மேலிருந்து கீழே எண்கள், எழுத்துகள், இடையிடையே வரிசையாகப் புள்ளிகள். பியானோ கட்டையும் இல்லை, இடமிருந்து வலம் ஓடும் அலைக்கோடும் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாள் பழகினால் சுரம் எழுதக் கை வந்துவிடும். பெரும்பாலானவர்கள் திணறி நிற்பது அதற்கு அடுத்த படியில்தான். நன்றாக ஒலிக்கிற நான்கு துண்டுகள் கையில் இருக்கும். அவற்றை முழுப் பாட்டாக அடுக்குவது எப்படி என்று தெரியாது. ஒருவழியாக அடுக்கிய பிறகு ஒரு சுரத்தைத் திருத்தினால், மாறக்கூடாத இடத்தில் மாறிவிடும், மாற வேண்டிய இடத்தில் மாறாமல் நிற்கும்.

நான் முதலில் முடித்த மூன்று நிமிடப் பாட்டில் பேஸ் (அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரி) ஒரு இடத்தில் அரைச் சுரம் தள்ளி விழுந்திருந்தது. திருத்தப் போனேன். பாட்டின் துண்டுகளை டிராக்கரில் பேட்டர்ன் என்பார்கள்; அதே பேஸ் ஒன்பது பேட்டர்ன்களில் நகலாக உட்கார்ந்திருந்தது. எட்டில் திருத்திவிட்டேன். விட்டுப்போன ஒன்பதாவது, பாட்டின் கடைசிப் பல்லவியில் இருந்தது. நண்பர்களுக்கு அனுப்பிய பிறகுதான் அது என் காதில் பட்டது. அன்றிலிருந்து எந்த டிராக்கரைத் தொட்டாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே ஒரு சுரத்தை மாற்றினால் அது எங்கெல்லாம் மாறும்? டிராக்கர்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட உதவும் கேள்வியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

பேட்டர்ன் என்றால்

பேட்டர்ன் ஒரு கட்டம். நெடுக்காக நிற்கும் பத்திகள் சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் தனித்தனி ஒலி வழிகள். குறுக்காகப் படுத்திருக்கும் வரிகள் காலம். ஒரு வரியில் இப்படி எழுதியிருக்கும்:

சி-4 02 40 ...

நான்காம் ஸ்தாயியில் சி என்ற சுரம், இரண்டாம் எண் வாத்தியம், ஒலி அளவு 40, கடைசியில் மூன்று புள்ளிகள் என்றால் கட்டளை எதுவும் இல்லை. (இங்கே 40 என்பது பதினாறடிமான எண், நம் கணக்கில் 64, அதாவது முழு ஒலி.) இந்த வரி வந்ததும் அந்தச் சுரம் ஒலிக்கும். வெறும் புள்ளிகள் மட்டும் உள்ள வரி வந்தால் முன்பு ஒலித்தது அப்படியே தொடரும்.

பழைய டிராக்கர்களில் ஒரு பேட்டர்னுக்கு 64 வரி. வழக்கமான வேகம் 6, டெம்போ 125. அந்தக் கணக்கில் ஒரு வரிக்கு 0.12 நொடி, முழுப் பேட்டர்னுக்கு 7.68 நொடி. நான்கு வரிக்கு ஒரு தட்டு என்று வைத்தால் 16 தட்டு. ஆதி தாளம் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதென்றால், சரியாக இரண்டு ஆவர்த்தனம். பாட்டின் ஒரு மூச்சு அதில் அடங்கிவிடும். ஆனால் ஏழரை நொடியில் பாட்டு முடிந்துவிடாதே? அங்கேதான் அடுக்கும் வேலை தொடங்குகிறது.

ஒரே ஒரு பட்டியல்

1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி கொமடோர் அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் இருந்துதான் 'டிராக்கர்' என்ற பெயரே வந்தது. அதன் வழி ரொம்ப எளிது. பேட்டர்ன்களுக்கு எண் கொடு, அப்புறம் எந்த எண்ணை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடு. அந்தப் பட்டியலுக்கு ஆர்டர் லிஸ்ட் என்று பெயர்.

00 01 01 02 01 02 03

00 முகப்பு இசை, 01 பல்லவி, 02 சரணம், 03 முடிப்பு. பல்லவி மூன்று முறை வருகிறது. ஆனால் எழுதியது ஒரே முறை. நம் பாட்டுப் புத்தகங்களில் சரணம் முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் 'பல்லவி' என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள், முழு வரிகளையும் மறுபடி போட மாட்டார்கள். அதே ஏற்பாடுதான்.

இதற்குப் பின்னால் ஒரு கட்டாயமும் இருந்தது. அமிகா 500 வெளிவந்தபோது அதன் நினைவகம் 512 கிலோபைட். அமிகா டிராக்கர்கள் பாட்டைச் சேமித்த மாட் கோப்பில் ஒரு வரியின் ஒரு சேனலுக்கு 4 பைட், சேனல்கள் 4, வரிகள் 64; பெருக்கினால் ஒரு பேட்டர்ன் 1024 பைட். பட்டியலில் ஓர் இடமோ வெறும் ஒரு பைட். நாற்பது இடம் நீளமுள்ள பாட்டைப் பத்துப் பேட்டர்னில் எழுதினால் 40 கிலோபைட் ஆக வேண்டியது 10 கிலோபைட் சொச்சத்தில் முடிந்துவிடும். மிச்சமானதை எல்லாம் சாம்பிள்களுக்கு, அதாவது வாத்தியமாக வாசிக்கும் பதிவு செய்த ஒலித்துண்டுகளுக்கு, கொடுக்கலாம். மாட் கோப்பில் பட்டியலுக்கு 128 இடம்தான். பின்னால் வந்த ஸ்கிரீம் டிராக்கர் 3, ஃபாஸ்ட்டிராக்கர் 2 போன்றவை அதை இரட்டிப்பாக்கின. ஆனால் அடிப்படை மாறவில்லை. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எம்பிடி, மில்கிடிராக்கர் இரண்டும் இதே பட்டியலோடுதான் வருகின்றன.

சரி, நம் கேள்விக்கு வருவோம். 01-இல் ஒரு சுரத்தை மாற்றினால்? பட்டியலில் 01 வரும் எல்லா இடத்திலும் மாறும். பல்லவியைத் திருத்த ஒரு கை வேலை போதும். இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது.

சிக்கல் இப்படி வரும். பாட்டைக் கேட்கிறீர்கள். முதல் பல்லவியில் டிரம் வேண்டாம், இரண்டாவதில் இருந்து வரட்டும் என்று தோன்றுகிறது. இந்த வழியில் பேட்டர்ன் என்பது எல்லாச் சேனல்களையும் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டை. டிரம்மை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. 01-ஐ நகலெடுத்து 04 என்று வைத்து, 04-இல் டிரம்மை அழித்து, பட்டியலை 00 04 01 02 01 02 03 என்று மாற்ற வேண்டும். இப்போது பேஸ் இரண்டு இடத்தில் இருக்கிறது. அப்புறம் கடைசிப் பல்லவிக்குக் கொஞ்சம் உச்சம் வேண்டும் என்று 05. சரணத்துக்குப் போகும் முன் டிரம் உருட்டல் வேண்டும் என்று 06. ஒவ்வொரு நகலும் அந்த நேரத்தில் நியாயமாகவே படும். ஆறாவது நகலுக்குப் பிறகு பேஸில் ஒரு தவறு கண்ணில் படும்போதுதான் அதன் விலை தெரியும். என் ஒன்பது பேட்டர்ன் கதை அப்படித்தான் நடந்தது.

இதில் இருந்து தப்ப நான் கடைப்பிடிப்பது ஒரு பழக்கம்: நகலெடுப்பதை முடிந்தவரை தள்ளிப்போடுவது. பாட்டின் மிக நிறைந்த இடத்தை முதலில் எழுதுகிறேன். வழக்கமாக அது கடைசிப் பல்லவி. எல்லாச் சேனலும் பேசும் அந்த ஒரு பேட்டர்னைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பேஸும் தாளமும் இனி மாறாது என்று மனதுக்குத் தோன்றும்வரை அதிலேயே இருக்கிறேன். அதன் பிறகுதான் நகல். நகல்களில் சேர்ப்பதைவிட அழிப்பதுதான் அதிகம். முகப்புக்கு டிரம்மையும் பேஸையும் அழித்துவிட்டால் ஒரு பேட்டர்ன் கிடைக்கும். முதல் பல்லவிக்கு டிரம்மை மட்டும் அழித்தால் இன்னொன்று. எழுதியதை அழிப்பதற்கு நேரம் ஆகாது, தவறும் நுழையாது.

64-க்குள் அடங்காத தாளம்

மூன்று எண்ணிக்கையாகப் போடும் ரூபகத்தில் ஒரு பாட்டு செய்ய நினைத்தால் 64 வரி ஒத்துழைக்காது. எண்ணிக்கைக்கு நான்கு வரி என்றால் ஒரு ஆவர்த்தனம் 12 வரி. ஐந்து ஆவர்த்தனம் 60-இல் முடிந்து நான்கு வரி தொங்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு பேட்டர்ன் முடிவிலும் தாளம் ஒரு எண்ணிக்கை நொண்டும். இதற்காகப் பழைய டிராக்கர்களில் ஒரு கட்டளை உண்டு: 'இந்த வரியோடு இந்தப் பேட்டர்னை விட்டு, பட்டியலில் அடுத்ததற்குப் போ'. மாட் கோப்பில் அதற்கு டி எழுத்து. டி00 என்று எழுதினால் அடுத்த பேட்டர்னின் முதல் வரிக்குப் போகும்.

நான்கு ஆவர்த்தனம் 48 வரி. டி00-ஐ எந்த வரியில் எழுத வேண்டும்? 48 என்று எழுதத்தான் கை போகும். வரிகள் 00-இல் இருந்து எண்ணப்படுவதால் நாற்பத்தெட்டாவது வரியின் எண் 47. 48-இல் எழுதினால் 49 வரி ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் கால் எண்ணிக்கை கூடுதலாகச் சேரும். ஏதோ இடறுகிறது என்று காதுக்குத் தெரியும், ஆனால் எங்கே என்று பிடிபடாது. ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு என்றால் இரண்டு ஆவர்த்தனம் 56 வரி, கட்டளை 55-இல். வரி எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும் டிராக்கரில் 47 என்பது 2எஃப் என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கட்டளையை ஒரு சேனலில் எழுதினால் போதும், எல்லாச் சேனலும் சேர்ந்து தாவும். டிரம் சேனலில் எழுதியிருந்து, அந்த டிரம்மை வேறொரு பேட்டர்னுக்கு நகலெடுத்தால் கட்டளையும் கூடவே போய் அங்கேயும் பாதியில் வெட்டும். எப்போதும் ஒரே சேனலில், முடிந்தால் கடைசிச் சேனலில் எழுதிப் பழகுங்கள். ஸ்கிரீம் டிராக்கர், இம்பல்ஸ் டிராக்கர் வழிக் கோப்புகளில் இதே வேலைக்கு சி எழுத்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

1994-இல் வந்த ஃபாஸ்ட்டிராக்கர் 2 இந்தத் தொல்லையை நேராகவே தீர்த்தது. ஒவ்வொரு பேட்டர்னுக்கும் 1 முதல் 256 வரை எத்தனை வரி வேண்டுமோ அத்தனை வைத்துக்கொள்ளலாம். ரூபகத்துக்கு 48 என்று அமைத்துவிட்டால் போதும்.

பேட்டர்ன் முடிந்தாலும் ஒலி முடியாது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. 01-இன் கடைசியில் தொடங்கிய நீண்ட வயலின் சுரம், அடுத்த பேட்டர்னில் அந்தச் சேனல் காலியாக இருந்தால் அங்கேயும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பட்டியலில் இரண்டு எண்களை இடம் மாற்றியதும் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு சுரம் இழுத்துக்கொண்டு வந்தால் காரணம் இதுதான். ஒலி அளவும் வேகமும் இப்படியே முந்தின பேட்டர்னில் இருந்து தொடர்ந்து வரும். எங்கே வேண்டுமானாலும் நகர்த்தப்போகும் பேட்டர்ன் என்றால் அதன் முதல் வரியில் தேவையான சேனல்களில் சுரத்தை நிறுத்தும் குறியைப் போட்டுவிடுகிறேன்.

சேனலுக்கு ஒரு பட்டியல்

மூட்டையை அவிழ்த்தால் என்ன? பல்லவியின் பேஸை ஒரு துண்டாகவும் டிரம்மை வேறு துண்டாகவும் வைத்து, எதை எப்போது எதோடு சேர்ப்பது என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தால் நகலே தேவைப்படாது. பழைய நின்டெண்டோ கேம் கருவியின் ஒலிச் சில்லுக்கு எழுதும் ஃபாமிடிராக்கரும், பல பழைய ஒலிச் சில்லுகளுக்கு எழுதும் ஃபர்னஸும் இந்த வழியில் போகின்றன. ஃபாமிடிராக்கரில் பட்டியல் ஓர் அட்டவணையாக விரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஃப்ரேம். அதில் சேனலுக்கு ஒரு எண். மெட்டு, துணைமெட்டு, பேஸ், டிரம் என்று நான்கு சேனல் வைத்துப் பார்ப்போம்:

ஃப்ரேம் 00: 00 00 00 00
ஃப்ரேம் 01: 01 00 01 00
ஃப்ரேம் 02: 01 00 01 01
ஃப்ரேம் 03: 02 01 01 01

ஃப்ரேம் 01-ஐயும் 02-ஐயும் பாருங்கள். மெட்டும் பேஸும் அதே 01 தான். கடைசிப் பத்தியில் மட்டும் 00 என்பது 01 ஆகியிருக்கிறது. டிரம்மின் 00-ஐ வெறுமையாக விட்டு, 01-இல் தாளம் எழுதினால், முதல் பல்லவி டிரம் இல்லாமல், இரண்டாவது டிரம்மோடு. ஃப்ரேம் 03-இல் மெட்டு சரணத்துக்குப் போய்விட்டது, அடியில் பேஸும் டிரம்மும் பல்லவியின் அதே துண்டுகள். பேஸில் தவறு இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் மூன்று ஃப்ரேமிலும் சரியாகிவிடும். ஒன்பது பேட்டர்னைத் துழாவிய பிறகு இந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

இரண்டு விஷயங்கள் பழகும்வரை குழப்பும். மெட்டுச் சேனலின் 01-க்கும் பேஸ் சேனலின் 01-க்கும் எந்த உறவும் கிடையாது. எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் கணக்கு. இரண்டாவது, பகிர்வு கண்ணுக்குத் தெரியாது. கடைசிப் பல்லவிக்கு மட்டும் பேஸில் ஒரு அலங்காரம் சேர்க்கலாம் என்று போய் எழுதுவீர்கள். முதல் பல்லவியிலும் அது விழுந்திருக்கும். மாற்றும் முன் அட்டவணையில் அந்தப் பத்தியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, வேறெங்காவது அதே எண் இருந்தால் புது எண் கொடுத்துவிட்டு எழுத வேண்டும். முந்தின வழியில் ஆபத்து நகலை மறப்பது. இங்கே ஆபத்து பகிர்வை மறப்பது.

அமிகாவில் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான்கே சேனல் இருந்ததால் ஒரே சேனலில் டிரம் அடியையும் பேஸையும் மாறி மாறி நுழைப்பது அங்கே சர்வ சாதாரணம். மூன்று சுரம் சேர்ந்த கார்டை ஒரே சாம்பிளாகப் பதிந்து ஒரு சேனலில் வாசித்தார்கள். ஒரு சேனல் ஒரு வாத்தியத்துக்குச் சொந்தமாக இல்லாதபோது சேனல்வாரியாகப் பிரித்தாலும் பெரிய லாபம் இருக்காது. இது என் ஊகம்தான், ஆனால் பழைய மாட் கோப்புகளைத் திறந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

ஃபாமிடிராக்கரில் ஒரு கட்டுப்பாடு மிச்சமிருக்கிறது: எல்லாச் சேனலும் ஒரே ஃப்ரேமில் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து முடிய வேண்டும். கொமடோர் 64 கணினியின் மூன்று சேனல் சிட் சில்லுக்கு எழுதும் கோட் டிராக்கர் அதையும் விட்டுவிட்டது. அங்கே மூன்று சேனலுக்கும் மூன்று தனிப் பட்டியல், அவரவர் வேகத்தில் ஓடலாம். பேஸுக்கு 12 வரிப் பேட்டர்ன், டிரம்முக்கு 16 வரிப் பேட்டர்ன் என்று வைத்தால் இரண்டும் விலகி விலகிப் போய் 48-ஆவது வரி முடிந்ததும் மறுபடி ஒன்றாகச் சேரும். பேஸ் நான்கு சுற்று, டிரம் மூன்று சுற்று. ஆதி தாளத்துக்குள் மும்மூன்றாக வாசித்துக்கொண்டே போய்ச் சமத்தில் வந்து நிற்கும் மிருதங்கக்காரர் தரும் சுகம் இதில் கிடைக்கும். ஒரே பட்டியல் வழியில் இதைச் செய்ய 48 வரிப் பேட்டர்ன் போட்டு எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும்.

சரத்துக்குள் சரம்

யோஹான் கொட்லின்ஸ்கி கேம் பாய் கருவிக்காக எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே, இந்தப் பிரிப்பை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோனது. கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளிதான். 64 வரி நான்கு சேனலை அதில் காட்ட வழியே இல்லை. அதனால் எழுத்து 16 வரிகொண்ட சிறு துண்டாகிறது. அதற்குப் பெயர் ஃப்ரேஸ். ஃப்ரேஸ்களைக் கோத்தால் ஒரு செயின். செயின்களைச் சேனல்வாரியாகக் கீழே கீழே அடுக்கினால் பாட்டு. உதிரிப்பூ, சரம், மாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செயினில் ஒவ்வொரு ஃப்ரேஸுக்கும் பக்கத்தில் ஒரு எண் உண்டு: அந்த ஃப்ரேஸை எத்தனை அரைச் சுரம் ஏற்றி வாசிக்க வேண்டும் என்பது. ஒரே ஒரு பேஸ் ஃப்ரேஸை எழுதிவிட்டு, செயினில் அதையே நான்கு முறை வைத்து, பக்கத்தில் 00, 05, 07, 00 என்று போடுங்கள். ஆதாரத்தில் ஒருமுறை, மத்யமத்தில் ஒருமுறை, பஞ்சமத்தில் ஒருமுறை, மறுபடி ஆதாரம். பதினாறு வரி எழுதி அறுபத்து நான்கு வரி இசை. ஃப்ரேஸில் தாளத்தை மாற்றினால் நான்கு இடத்திலும் மாறும்.

ஆனால் ஏற்றம் என்பது கணக்குதான், ராகம் அதற்குத் தெரியாது. சி, ஈ, ஜி என்ற மூன்று சுரத்தை 2 அரைச் சுரம் ஏற்றினால் டி, எஃப் ஷார்ப், ஏ வரும். சி மேஜரில் எஃப் ஷார்ப் இல்லை, காதில் உறுத்தும். ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பேஸ் என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். காந்தாரம் சேர்ந்துவிட்டால் தனி ஃப்ரேஸ் எழுதுவதே நல்லது.

எல்எஸ்டிஜே நம் கேள்வியை ஓர் அமைப்பாகவே திரையில் வைத்திருக்கிறது. செயினை நகலெடுக்கும்போது இரண்டு விதம் உண்டு. ஒன்றில் புதுச் செயின் கிடைக்கும், உள்ளே இருக்கும் ஃப்ரேஸ்கள் பழையவையே. ஃப்ரேஸில் கைவைத்தால் இரண்டு செயினிலும் மாறும். மற்றதில் ஃப்ரேஸ்களும் புதிதாக நகலாகிவிடும். இனி இரண்டுக்கும் தொடர்பில்லை. கோத்த முறையை மட்டும் மாற்றப்போகிறோமா, பூவையே மாற்றப்போகிறோமா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டர்ட்டிவேவ் நிறுவனத்தின் எம்8 என்ற கையடக்கக் கருவி இதே மூன்று அடுக்கை எட்டு டிராக்குகளோடு (சேனல்களுக்கு இன்னொரு பெயர்) தருகிறது. இந்த வழியின் ஒரே குறை, முழுப் பாட்டையும் ஒரு பார்வையில் பார்க்க முடியாது. பேஸில் 0சி என்ற செயின் ஓடும்போது மெட்டில் என்ன சுரம் விழுகிறது என்று பார்க்க நான்கு திரை மாற வேண்டும். காதை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது உவப்பாக இருக்கும். கண்ணை நம்புபவர்களுக்குக் கஷ்டம்.

நடுவில் நிற்பவை

ரெனாய்ஸ் என்ற டிராக்கர் எனக்குப் பிடித்த சமரசம். அடிப்படையில் அது ஒரே பட்டியல் வழிதான். பேட்டர்ன் எல்லா டிராக்கையும் சேர்த்த மூட்டை. ஆனால் அருகில் பேட்டர்ன் மேட்ரிக்ஸ் என்று ஒரு கட்டம் திறக்கும்: மேலிருந்து கீழே பட்டியலின் இடங்கள், குறுக்கே டிராக்குகள். அதில் ஒரு கட்டத்தை மட்டும் ஊமையாக்கலாம். அந்த ஊமை பேட்டர்னைச் சேர்ந்ததில்லை, பட்டியலின் அந்த இடத்தைச் சேர்ந்தது. ஆகவே பட்டியலில் 01 01 என்று இருக்க, முதல் 01-இன் டிரம் கட்டத்தை மட்டும் ஊமையாக்கினால் நகல் எதுவும் இல்லாமலே முதல் பல்லவி டிரம் இன்றி ஒலிக்கும். இன்னொரு வசதி, ஒரு பேட்டர்னின் பேஸ் கட்டத்தை வேறொரு பேட்டர்னின் பேஸ் கட்டத்தோடு இணைத்துவிடலாம். அதற்கு ஏலியஸ் என்று பெயர். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதப்படும். எதை எதோடு இணைத்திருக்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதுதான் இதில் பெரிய ஆறுதல்.

சன்வாக்ஸ் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டது. பேட்டர்ன்கள் ஒரு காலக்கோட்டில் வைக்கும் சிறு அட்டைகள். எங்கே வேண்டுமானாலும், ஒன்றின் மேல் ஒன்று நேரம் கலந்தும் வைக்கலாம். ஒட்டிய நகல், தனி நகல் இரண்டும் உண்டு. 1997-இல் வந்த பஸ் மென்பொருளில் ஒவ்வொரு இசைக்கருவிக்கும் அதன் சொந்தப் பேட்டர்ன்கள், சொந்தப் பத்தி; சேனல்வாரி வழிக்கு அது நெருங்கிய உறவு.

எதில் தொடங்குவது

புதிதாக வருபவருக்கு நான் ஓப்பன்எம்பிடியையோ மில்கிடிராக்கரையோதான் சொல்வேன், அதன் நகல் தொல்லையோடு சேர்த்தே. ஒரு நேரத்தில் என்னென்ன ஒலிக்கிறதோ அத்தனையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, இசை எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்கும் காலத்தில் பெரிய பேறு. பேஸ் விழும் வரியில் டிரம் விழுகிறதா, மெட்டு மூச்சுவிடும் இடத்தில் துணைமெட்டு வருகிறதா என்று கண்ணே சொல்லிக் கொடுத்துவிடும். நான்கைந்து பாட்டு முடித்த பிறகு, நகல்கள் பெருகிக் கை வலிக்கத் தொடங்கும்போது ஃபர்னஸுக்கோ ரெனாய்ஸுக்கோ போங்கள்; அப்போது அந்த அட்டவணை எதற்காக இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. பேருந்தில் உட்கார்ந்து சின்னச் சின்னத் துண்டாக எழுதி, மேடையில் அவற்றை அங்கேயே கலந்து வாசிக்க விரும்புபவர் என்றால் நேராக எல்எஸ்டிஜே பக்கம் போகலாம்.

பட்டியல் என்றால் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடி முடிவது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1998-இல் வந்த அன்ரியல், 2000-இல் வந்த டியூஸ் எக்ஸ் ஆகிய கணினி விளையாட்டுகளின் இசை டிராக்கர் கோப்புகளாகவே இருந்தது. அமைதியாக நடக்கும்போது ஒரு பகுதி, சண்டை தொடங்கியதும் வேறு பகுதி என்று, ஒரே கோப்பின் பட்டியலில் வெவ்வேறு இடங்களுக்கு விளையாட்டே தாவும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் அதன் தொடக்கத்துக்கே திரும்பிப் போகச் சொல்லும் கட்டளை. அதனால் சண்டை எவ்வளவு நேரம் நீண்டாலும் இசை தீராது.

கடைசியாக ஒரு பயிற்சி. மாட் ஆர்கைவ் தளத்தில் இருந்து ஏதாவது ஒரு நான்கு சேனல் மாட் கோப்பை இறக்கி ஓப்பன்எம்பிடியில் திறந்து, வாசிக்கவிடும் முன் ஒரு தாளில் அதன் பட்டியலை அப்படியே எழுதுங்கள். எத்தனை இடம், அதில் எத்தனை வேறுவேறு எண் என்று எண்ணுங்கள். அப்புறம் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு பேட்டர்ன்களை எடுத்து, வரி வரியாக ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகின்றன என்று தேடுங்கள். பல கோப்புகளில் ஐம்பத்தாறு வரி அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். கடைசி எட்டு வரியில் மட்டும், ஒரே ஒரு சேனலில், டிரம் உருட்டல் ஒன்று கூடுதலாக இருக்கும். 512 கிலோபைட் காலத்தில் அந்த எட்டு வரிக்காக 1024 பைட் முழுப் பேட்டர்ன் ஒன்றைச் செலவழித்திருப்பார்கள்.